தோக்கவே தோக்காத கோச் எட்டு மாசம் கூட தாங்கலையா? ஷாபி அலோன்சோ விஷயத்துல என்ன நடந்துச்சு

2026 ஜனவரி 12ஆம் தேதி ரியல் மாட்ரிட் ஒரு சின்ன அறிக்கை விட்டுச்சு, ரெண்டு தரப்பும் பேசி முடிவு பண்ணி ஷாபி அலோன்சோ கோச் பொறுப்புல இருந்து விலகுறாருன்னு. முந்தின நாள்தான் ஜெத்தாவுல ஸ்பானிஷ் சூப்பர் கப் ஃபைனல்ல பார்சிலோனாகிட்ட 3-2னு தோத்திருந்தாங்க. செய்திய பாத்த நெறைய பேருக்கு ஒரே குழப்பம். ஜெர்மனில ஒரு சீசன் முழுக்க லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம லெவர்குசனுக்கு கோப்பை வாங்கிக் கொடுத்த ஆள்தானே இவரு? மாட்ரிட்ல அவர் கணக்கும் ஒண்ணும் கேவலம் இல்ல, 34 மேட்ச், 24 வெற்றி, 4 டிரா, 6 தோல்வி. பத்துக்கு ஏழு ஜெயிக்கிற கோச்ச எதுக்கு அனுப்புவாங்க?

இதுக்கு பதில் வேணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். அவர் எந்த மாதிரி பிளேயரா இருந்தாரு, கோச்சிங்க எங்க எப்படி கத்துக்கிட்டாரு, அவரோட முறை ஓடணும்னா என்னென்ன தேவைன்னு பாத்தா மாட்ரிட்ல நடந்தது ஓரளவு பிடிபடும். என் கணிப்ப முதல்லயே சொல்லிடறேன்: அவர் முறைக்கு மூணு விஷயம் வேணும், டிரெய்னிங் நாட்கள், நடுவுல பந்த வாங்கி பிரிச்சுக் கொடுக்க ஒரு ஆள், அப்புறம் பந்து போனா பதினோரு பேரும் சேந்து ஓடுற பழக்கம். மாட்ரிட்ல மூணுமே அரைகுறையாதான் கிடைச்சுது.

கீபுஸ்கோவா பையன்

1981 நவம்பர் 25ல ஸ்பெயினோட வடக்குல இருக்குற பாஸ்க் நாட்டுல, தொலோசாங்குற சின்ன ஊர்ல பிறந்தாரு. அப்பா பெரிக்கோ அலோன்சோவும் மிட்ஃபீல்டர், 1981லயும் 82லயும் ரியல் சோசியதாத்துக்காக லீக் ஜெயிச்சவரு, அப்புறம் பார்சிலோனா போய் 1985ல இன்னொரு லீக். அண்ணன் மிக்கேலும் புரொஃபஷனல் பிளேயர்தான். அதாவது வீட்டுல சாப்பாட்டு மேசையில கூட மிட்ஃபீல்ட் பேச்சுதான் ஓடியிருக்கும்.

வளந்தது சான் செபாஸ்தியான்ல. அங்க அந்திகுவோகோன்னு ஒரு பசங்க கிளப்ல அவர்கூட ஆடினவர்தான் மிக்கேல் ஆர்த்தேத்தா, இப்ப ஆர்செனல் கோச். இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இவங்க ரெண்டு பேரோட உனாய் எமெரி, அந்தோனி இராவோலா, ஜூலன் லோபெத்தேகி எல்லாரும் பிறந்தது அதே கீபுஸ்கோவா மாகாணம். மொத்த ஜனத்தொகையே சுமார் ஏழு லட்சம்தான், நம்ம ஊர்ல ஒரு நடுத்தர நகரத்து அளவு. அங்க தண்ணியில என்ன கலந்திருக்காங்கன்னு தெரியல.

1999 டிசம்பர்ல சோசியதாத் முதல் டீம்ல முதல் மேட்ச், அப்புறம் எய்பார்னு கீழ் டிவிஷன் டீமுக்கு கொஞ்ச மாசம் லோன். லோன்னா வேற ஒண்ணும் இல்ல, சொந்த கிளப்ல இடம் கிடைக்காத பையன வேற கிளப்ல ஆட விட்டு அனுபவம் சேக்கறது. 2001ல சோசியதாத் டேபிள்ல அடியில கிடந்தப்ப வந்த வேல்ஸ் கோச் ஜான் தோஷாக் இவர திரும்ப கூட்டிட்டு வந்து 19 வயசுலயே கேப்டன் ஆக்கிட்டாரு. ரெண்டு வருஷத்துல, 2002-03 சீசன்ல, அதே டீம் ரியல் மாட்ரிட்டுக்கு ரெண்டே பாயிண்ட் பின்னாடி ரெண்டாவது இடம்.

பிவட்னா என்ன, அது ஏன் இங்க முக்கியம்

அலோன்சோ ஆடின இடத்துக்கு ஸ்பெயின்ல பிவட்னு பேரு. டிஃபென்ஸுக்கு நேர் முன்னாடி நிக்கிற மிட்ஃபீல்டர். கோல் அடிக்கிறது அவர் வேலை இல்ல, ஓடி ஓடி ஆள மறிக்கிறதும் முக்கிய வேலை இல்ல. பின்னாடி இருந்து பந்த வாங்கி, தலைய தூக்கி பாத்து, எந்தப் பக்கம் எதிராளி கம்மியா இருக்கானோ அந்தப் பக்கம் பந்த மாத்தி விடறதுதான் வேலை. கேக்க ஈசியா இருக்கும். ஆனா பந்து கால்ல வர்றதுக்கு முன்னாடியே மைதானம் முழுக்க யார் யார் எங்க நிக்கிறாங்கன்னு மனசுல படம் ஓடணும், ஒரு செகண்ட் லேட் ஆனாலும் பந்து போயிடும், போச்சுன்னா பின்னாடி டிஃபென்ஸ் திறந்து கிடக்கும்.

இதுல அலோன்சோவோட ஸ்பெஷல் அந்த நீளமான குறுக்கு பாஸ். அம்பது மீட்டர் தள்ளி ஓடுற ஆள் கால்லயே போய் விழும். லிவர்பூல்ல இருந்தப்ப லூட்டனுக்கு எதிராவும் நியூகாஸிலுக்கு எதிராவும் தன்னோட பாதி மைதானத்துல இருந்தே கோல் அடிச்சிருக்காரு, அது ஃப்ளூக்னு ஒரு தடவ சொல்லலாம், ரெண்டு தடவ எப்படி சொல்றது.

டேக்ளிங் பத்தி அவர் 2011ல ஒரு இங்கிலாந்து பேப்பர் பேட்டியில சொன்னது ரொம்ப பேசப்பட்டுச்சு. லிவர்பூல்ல சின்னப் பசங்க தங்களோட பலம்னு டேக்ளிங்க எழுதுறத பாத்து ஆச்சரியப்பட்டாராம், அது வேற வழி இல்லாதப்ப கடைசியா செய்றது, அத எப்படி ஒரு திறமையா எடுத்துக்கறதுங்குற மாதிரி பேசினாரு. சரியான இடத்துல நின்னா விழுந்து புரண்டு பந்து பறிக்கவே தேவை வராதுங்குறது அவர் கணக்கு. பின்னாடி அவர் கோச்சா செஞ்ச எல்லாத்துக்கும் விதை இங்கதான் இருக்கு.

யார்கிட்ட எல்லாம் ஆடினாரு

இந்த தலைமுறையில பெரிய கோச்சுங்க லிஸ்ட் போட்டா அதுல பாதிப் பேர்கிட்ட இவர் ஆடியிருக்காரு. யார்கிட்ட என்ன எடுத்துக்கிட்டாருங்குறது என் ஊகம்தான், ஆனா சம்பவங்கள் பதிவுல இருக்கு.

1. ரஃபா பெனிடெஸ், லிவர்பூல், 2004 முதல் 2009 வரை. டிஃபென்ஸுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவுல எத்தனை அடி இடைவெளி இருக்கணும்னு அளந்து பாக்குற டைப் ஆளு. 2005 இஸ்தான்புல்ல நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புங்களுக்கு பெரிய கோப்பை) ஃபைனல்ல மிலானுக்கு எதிரா 3-0 பின்னாடி இருந்து 3-3 ஆச்சே, அந்த மூணாவது கோல் அலோன்சோவோடது, பெனால்டிய மிலான் கீப்பர் டிடா தடுத்துட்டாரு, திரும்பி வந்த பந்த அடிச்சு உள்ள போட்டாரு. ஆனா 2008ல இதே பெனிடெஸ் இவர வித்துட்டு காரெத் பாரிய வாங்கப் பாத்தாரு. அது மனசுல இருந்திருக்கும், அடுத்த வருஷம் மாட்ரிட் போயிட்டாரு. 86 பாயிண்டோட ரெண்டாவதா முடிச்ச லிவர்பூல் அவர் போன சீசன்ல ஏழாவது இடத்துக்கு விழுந்துச்சு.

2. மொரின்யோ, ரியல் மாட்ரிட், 2010 முதல் 2013 வரை. பந்த பறிச்ச அடுத்த நொடி முன்னாடி பாயுற ஆட்டம். 2011-12ல 100 பாயிண்ட், 121 கோல் போட்டு லீக் ஜெயிச்சாங்க. அந்த பாய்ச்சலுக்கு முதல் பாஸ் பெரும்பாலும் அலோன்சோ கால்ல இருந்துதான் கிளம்பும்.

3. அன்செலோத்தி, மாட்ரிட்லயும் அப்புறம் ஜெர்மனியோட பயர்ன் மியூனிக்லயும். சத்தமே போடாம நட்சத்திரங்கள மேய்க்கிற கலை. 2014ல மாட்ரிட்டோட பத்தாவது ஐரோப்பிய கோப்பை வந்தப்ப அலோன்சோ சஸ்பென்ஷன்ல கோட்டு சூட்டோட ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தாரு, கோல் விழுந்ததும் தாங்க முடியாம மைதானத்தோரம் ஓடி வந்துட்டாரு, அதுக்கு தனியா ஒரு மேட்ச் தடை வேற.

4. குவார்டியோலா, பயர்ன், 2014 முதல் 2016 வரை. பந்த வச்சிருக்குறதே ஒரு தற்காப்புங்குற பள்ளிக்கூடம். 32 வயசுல, கோச்சிங் கத்துக்க போற மாதிரிதான் அவர் அங்க போனாருன்னு எனக்குப் படுது. பயர்ன்ல இருந்த மூணு வருஷமும் லீக் கோப்பை.

நாட்டு டீம்ல 114 மேட்ச், 16 கோல், 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ. 2010 ஃபைனல்ல நைஜல் டி யோங் நெஞ்சுல எட்டி உதைச்சாரே, அந்த உதைய வாங்கினவரு இவர்தான். 2012ல தன்னோட நூறாவது மேட்ச்ல ஃபிரான்ஸுக்கு எதிரா ரெண்டு கோலும் இவரே. இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம் இருக்கு. 2010ல ஸ்பெயின் கோச் தெல் போஸ்கே, புஸ்கெட்ஸையும் அலோன்சோவையும் சேத்து ரெண்டு பிவட் வச்சு ஆடினாரு. இதுக்கு டபுள் பிவட்னு பேரு. ஸ்பெயினுக்கு எதுக்கு ரெண்டு காவல்காரன்னு முதல் மேட்ச்ல சுவிட்சர்லாந்துகிட்ட தோத்தப்ப நல்லா திட்டு விழுந்துச்சு, அவர் மாத்தல, கோப்பையோட வந்தாங்க. இந்த டபுள் பிவட் பின்னாடி லெவர்குசன்ல திரும்ப வரும்.

அவசரப்படாத படிக்கட்டு

2017ல ரிட்டயர் ஆனாரு. பேர் இருக்குற பிளேயர்னா உடனே பெரிய கிளப் கூப்பிடும். பிர்லோவ யுவென்டஸ் அப்படித்தான் 2020ல நேரா முதல் டீமுக்கு கோச்சா போட்டாங்க, ஒரே சீசன்ல முடிஞ்சுது. அலோன்சோ அந்த வழியில போகல. லைசென்ஸ் படிச்சாரு, ரியல் மாட்ரிட்ல 14 வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு ஒரு வருஷம் கோச்சிங், அப்புறம் 2019ல ரியல் சோசியதாத் பி டீம்.

பி டீம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஸ்பெயின்ல பெரிய கிளப்போட இளைஞர் டீமும் நிஜ லீக்லயே ஆடும், மத்த ஊர் கிளப்புங்களோட மோதும், ஜெயிச்சா மேல போகும், தோத்தா கீழ போகும். ஒரே கட்டுப்பாடு, முதல் டீம் இருக்குற டிவிஷனுக்கு வர முடியாது. அதனால அதிகபட்சம் இரண்டாம் டிவிஷன்தான். அங்க எதிர்ல நிக்கிறவன் முப்பத்தஞ்சு வயசு முரட்டு டிஃபென்டர், உன்கிட்ட இருக்குறது இருபது வயசு பசங்க, கொஞ்சம் நல்லா ஆடினா முதல் டீம் அவன தூக்கிட்டுப் போயிடும், அடுத்த வாரம் நீ திரும்ப ஆரம்பிக்கணும். கோச்சிங் கத்துக்க இதைவிட கஷ்டமான பள்ளிக்கூடம் கிடையாது.

2021ல அந்த டீம இரண்டாம் டிவிஷனுக்கு ஏத்தினாரு, கிட்டத்தட்ட அறுபது வருஷத்துக்கு அப்புறம் நடந்த விஷயம் அது. அடுத்த வருஷமே திரும்ப இறங்கிட்டாங்க. இந்த இறக்கத்த அவர் கதை சொல்றவங்க பெரும்பாலும் தாண்டிப் போயிடுவாங்க. ஆனா ரிசல்ட் வராதப்பவும் மூணு வருஷம் ஒரே இடத்துல வேலை பாக்க விட்டாங்கங்குறதுதான் இங்க கவனிக்க வேண்டியது. அந்த பசங்கள்ல ஒருத்தர் மார்ட்டின் சுபிமெண்டி, அவரும் பிவட். பேர ஞாபகம் வச்சுக்கோங்க.

லெவர்குசன்: எப்படி சாதிச்சாரு?

2022 அக்டோபர் 5ஆம் தேதி லெவர்குசன் இவர கூப்பிட்டப்ப டீம் 8 மேட்ச்ல 5 பாயிண்ட் எடுத்து கடைசிக்கு முந்தின இடத்துல, அதாவது 17ஆவதா இருந்துச்சு. முதல் டிவிஷன்ல ஒரு டீமுக்குக் கூட அவர் அதுவரைக்கும் கோச்சா இருந்ததில்ல. முதல் மேட்ச் ஷால்கேக்கு எதிரா 4-0. சீசன் முடிவுல ஆறாவது இடம், யூரோப்பா லீக் (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பிய கோப்பை) செமி ஃபைனல் வரைக்கும் போய் மொரின்யோவோட ரோமாகிட்ட ஒரு கோல்ல தோத்தாங்க.

கிளப் பத்தி ரெண்டு வரி. பேயர் மருந்து கம்பெனி தொழிலாளிங்க 1904ல ஆரம்பிச்சது, இப்பவும் கம்பெனி சொத்துதான். 1988ல ஒரு யூஇஎஃப்ஏ கோப்பை, 1993ல ஒரு ஜெர்மன் கோப்பை, அவ்வளவுதான் அதுவரைக்கும். 2002ல லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூணுலயும் ரெண்டாவதா வந்து, ஊரே நெவர்குசன்னு கிண்டல் பண்ணுச்சு, எப்பவும் ஜெயிக்காத ஊருங்குற அர்த்தத்துல.

2023 கோடையில அவர் கேட்ட மாதிரி ஆட்கள் வந்தாங்க. ஆர்செனல்ல இருந்து ஷாக்கா, பென்ஃபிகாவுல இருந்து ஒப்பந்தம் முடிஞ்ச கிரிமால்டோ சும்மாவே, ஹாஃப்மன், போனிஃபேஸ், பயர்ன்ல இருந்து லோன்ல ஸ்டானிசிச். அதுக்கப்புறம் இயந்திரம் இப்படி ஓடுச்சு:

1. பின்னாடி மூணு டிஃபென்டர். தாப்சோபா, தா, கொசுனு இல்லனா இன்காபியே. மூணு பேருமே பந்த வச்சு நிதானமா பாஸ் போடக்கூடியவங்க. எதிராளிய வேணும்னே பக்கத்துல வர வைப்பாங்க, அவன் வந்தா அவன் விட்டுட்டு வந்த இடம் காலி.

2. அவங்களுக்கு முன்னாடி டபுள் பிவட், ஷாக்காவும் பலாசியோஸும், சில நாள் ஆண்ட்ரிச். இதுல ஷாக்கா கிட்டத்தட்ட அலோன்சோவோட பழைய வேலையதான் செஞ்சாரு. ஆட்டத்தோட வேகத்த கூட்டுறதும் குறைக்கறதும் அவர் கையில.

3. ரெண்டு ஓரத்துலயும் விங்-பேக். அதாவது டிஃபென்டர் மாதிரி திரும்பி வரணும், ஃபார்வர்ட் மாதிரி மேல போகணும். வலது பக்கம் ஃபிரிம்போங் கோட்ட ஒட்டி ஓடுவாரு, இடது பக்கம் கிரிமால்டோ உள்ள வந்து மிட்ஃபீல்டர் மாதிரி ஆடுவாரு. ரெண்டு பேரும் சேந்து லீக்ல மட்டும் 19 கோல். டிஃபென்டர்ஸ்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

4. முன்னாடி வர்ட்ஸும் ஹாஃப்மனும் எதிராளி மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல இருக்குற சந்துல நிப்பாங்க, யார் இவங்கள புடிக்கறதுன்னு எதிராளி முடிவு பண்றதுக்குள்ள பந்து வந்திருக்கும்.

5. பந்து போச்சுன்னா உடனே சுத்தி இருக்குற நாலஞ்சு பேரும் சேந்து பாய்வாங்க. இதுக்குப் பேர்தான் பிரஸ்ஸிங். ஒருத்தன் ஓடாம நின்னாலும் எதிராளிக்கு ஒரு வாசல் திறந்துடும், மத்தவங்க ஓடினது வீண். பூட்டு போட்டுட்டு ஜன்னல திறந்து வச்ச கதை.

இந்த அஞ்சாவது பாயிண்ட்தான் பின்னாடி மாட்ரிட்ல சிக்கல் ஆச்சு.

இதெல்லாம் எழுதி வச்ச ஃபார்முலா மாதிரி தெரியும், அப்படி இல்ல. 2024 பிப்ரவரி 10, பயர்ன் வராங்க, போனிஃபேஸ் காயம். அலோன்சோ வலது பக்கம் ஃபிரிம்போங்க உக்கார வச்சுட்டு ஸ்டானிசிச்ச இறக்கினாரு, முன்னாடி முழு நேர ஸ்ட்ரைக்கரே இல்லாம ஆடினாரு. 3-0. முதல் கோல் போட்டது யாரு, பயர்ன்ல இருந்து லோன்ல வந்த அதே ஸ்டானிசிச். ஏப்ரல் 14ல பிரேமன 5-0னு அடிச்சு, அஞ்சு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே கோப்பை. பயர்ன் தொடர்ந்து பதினோரு வருஷம் வச்சிருந்த பட்டம். கடைசி கணக்கு 28 வெற்றி, 6 டிரா, தோல்வி பூஜ்யம், 90 பாயிண்ட். ஜெர்மன் லீக்ல தோக்காம ஜெயிச்ச முதல் டீம். மே 25ல ஜெர்மன் கோப்பையும் ஷாக்கா கோல்ல வந்துச்சு.

அந்த சீசன்ல எல்லாரும் பேசினது கடைசி நிமிஷ கோல்கள். டோர்ட்முண்டுக்கு எதிரா 97ஆவது நிமிஷம், ஸ்டுட்கார்ட்டுக்கு எதிரா 96, ரோமாவுக்கு எதிரா திரும்ப 97. அதிர்ஷ்டம்னு சொல்றவங்க இருக்காங்க. கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டுதான், ஆனா பந்து பின்னாடியே தொண்ணூறு நிமிஷம் ஓடின எதிராளிக்கு கடைசியில கால் எழும்பாது, இவங்க அப்பவும் பதட்டப்பட்டு தூக்கி அடிக்காம அதே பாஸ போட்டுக்கிட்டு இருப்பாங்க. ரோமா மேட்ச்சோட 49 மேட்ச் தோக்காம போய், பென்ஃபிகா 1960கள்ல வச்சிருந்த 48ங்குற ஐரோப்பிய கணக்க தாண்டினாங்க. மொத்தம் 51 மேட்ச்.

52ஆவது மேட்ச்ல மாட்டிக்கிட்டாங்க. மே 22, டப்ளின், யூரோப்பா லீக் ஃபைனல், அட்லாண்டா 3-0, மூணும் லுக்மன். அட்லாண்டா கோச் காஸ்பெரினி மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிட்டாரு. அலோன்சோ ஆட்டத்துக்கு உயிரே எங்கயாவது ஒருத்தன் ஃப்ரீயா நிக்கிறதுதான், அந்த ஃப்ரீ ஆளே கிடைக்கலன்னா மெஷின் திக்குது. அன்னைக்கே இந்த முறைக்கு ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுது.

அடுத்த சீசன் சுருக்கமா: லீக்ல ரெண்டாவது, 69 பாயிண்ட், சாம்பியன்ஸ் லீக்ல பயர்ன்கிட்ட ரெண்டு மேட்ச் சேத்து 5-0, ஜெர்மன் கோப்பையில மூணாம் டிவிஷன் பீலஃபெல்ட்கிட்ட தோல்வி. நல்ல சீசன்தான், முந்தினத பாத்ததால சப்புன்னு தெரிஞ்சுது. 2025 கோடையில அவரும் கிளம்ப, வர்ட்ஸும் ஃபிரிம்போங்கும் லிவர்பூலுக்கு, தா பயர்னுக்கு, ஷாக்கா சண்டர்லேண்டுக்கு. அவர் இடத்துல வந்த டென் ஹாக் ரெண்டே லீக் மேட்ச்ல வீட்டுக்குப் போயிட்டாரு.

மாட்ரிட்ல எங்க இடிச்சுது

அன்செலோத்தி பிரேசில் டீமுக்குப் போக, 2025 ஜூன் 1ல இருந்து மூணு வருஷ ஒப்பந்தம். காரணங்கள பிரிச்சுப் பாப்போம்.

1. நேரம். ஜூன் 1 சேந்தாரு, ஜூன் 18 கிளப் உலகக் கோப்பையில அல் ஹிலாலுக்கு எதிரா முதல் மேட்ச், 1-1. அங்க செமி ஃபைனல் வரைக்கும் போய் ஜூலை 9ல பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிகிட்ட 4-0, பத்து நிமிஷத்துக்குள்ளயே ரெண்டு கோல். அதுக்கப்புறம் பிளேயர்களுக்கு லீவு, ஆகஸ்ட் 19ல லீக்ல இவங்களோட முதல் மேட்ச். புது கோச் தன் முறைய சொல்லிக் கொடுக்குற காலமே சீசனுக்கு முன்னாடி வர்ற அந்த அஞ்சாறு வாரம்தான், அது இவருக்கு ரெண்டு வாரமா சுருங்கிடுச்சு. சீசன் ஆரம்பிச்சா மூணு நாளைக்கு ஒரு மேட்ச், டிரெய்னிங்னு பேருக்கு உடம்ப ஆத்துறதுதான் நடக்கும்.

2. நடுவுல ஆள் இல்ல. டோனி க்ரூஸ் 2024ல ரிட்டயர், மோட்ரிச் 2025ல மிலானுக்குப் போயிட்டாரு. வாங்கினது யாரையெல்லாம்? ஹூய்சன், கர்ரேராஸ், அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட், மஸ்தாந்துவோனோ. ரெண்டு டிஃபென்டர், ஒரு ரைட் பேக், ஒரு சின்னப் பையன் ஃபார்வர்ட். பிவட் யாருமே இல்ல. மேல சொன்ன சுபிமெண்டி அதே கோடையில ஆர்செனல் போனாரு, பழைய நண்பன் ஆர்த்தேத்தாகிட்ட. துஷாமெனி நல்ல பிளேயர், ஆனா அவர் மறிக்கிற ஆள், ஆட்டத்த நடத்துற ஆள் இல்ல. ஆர்தா குலேர கொஞ்சம் பின்னாடி இறக்கி அந்த வேலைய கொடுத்துப் பாத்தாரு, ஆரம்பத்துல எம்பாப்பேக்கு அவர் போட்ட பாஸெல்லாம் அழகு, பெரிய மேட்ச்ல எடை தாங்கல. தன் வாழ்நாள் பூரா பிவட்டா ஆடின ஒருத்தர், பிவட் இல்லாத டீமுக்கு கோச். விதி விளையாட்டுதான்.

3. முன்னாடி ரெண்டு பேர். எம்பாப்பே 2025 காலண்டர் வருஷத்துல மாட்ரிட்டுக்காக 59 கோல் அடிச்சு 2013ல ரொனால்டோ வச்ச கிளப் ரெக்கார்ட சமன் பண்ணாரு. அப்படி கோல் போடுறவர உக்கார வைக்க முடியுமா? ஆனா அவரும் வினிசியஸும் ஒரே நேரத்துல ஆடும்போது பந்து போனப்புறம் முன்னாடி இருந்து துரத்துற வேலை குறையுது. லெவர்குசன்ல அஞ்சாவது பாயிண்ட்டுன்னு சொன்னேனே, அது இங்க ஓடல. செப்டம்பர் 27ல அட்லெட்டிகோ 5-2னு அடிச்சப்ப மிட்ஃபீல்ட தாண்டி எவ்வளவு ஈசியா வந்தாங்கன்னு பாத்தா தெரியும்.

4. யார் பேச்சு எடுபடும். அக்டோபர் 26 எல் கிளாசிகோ, அதாவது மாட்ரிட்-பார்சிலோனா மேட்ச், பார்சிலோனாவ 2-1னு ஜெயிச்சாங்க, டேபிள்ல அஞ்சு பாயிண்ட் முன்னாடி. அவருக்கு உச்ச நாள் அதுதான், பிரச்சனை வெளிய வந்ததும் அதே நாள்தான். 72ஆவது நிமிஷம் வினிசியஸ மாத்தினாரு, அவர் கோவமா கத்திட்டு நேரா உள்ள போயிட்டாரு. மூணு நாள் கழிச்சு மன்னிப்பு அறிக்கை வந்துச்சு, ரசிகர்கள், டீம்மேட்ஸ், கிளப், பிரசிடென்ட் எல்லார்கிட்டயும் மன்னிப்பு, கோச் பேர் மட்டும் அதுல இல்ல. வினிசியஸ் ஒப்பந்தம் அப்ப 2027 வரைக்கும்தான் இருந்துச்சு, அத நீட்டிக்கிற பேச்சு நடந்துக்கிட்டிருந்த நேரம். கிளப் யார் பக்கம் நிக்கும்னு டிரஸ்ஸிங் ரூம்ல எல்லாரும் பாத்துக்கிட்டுதானே இருப்பாங்க.

5. காயங்கள். கார்வஹால், மிலித்தாவ், ரூடிகர், அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட்னு டிஃபென்ஸ் ஒரு மாசம் கூட முழுசா சேந்து ஆடல. இது யாருக்கும் நடக்கும், இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

கணக்க மேட்ச் மேட்ச்சா பாத்தா

மொத்தமா 24 வெற்றின்னு பாத்தா நல்லா இருக்கு, ஆனா பிரிச்சுப் பாக்கணும். சீசனோட முதல் 14 மேட்ச்ல 13 வெற்றி. நவம்பர் 4ல லிவர்பூலோட மைதானமான ஆன்ஃபீல்டுல அவங்ககிட்ட 1-0, அதுல ஆரம்பிச்சு அடுத்தடுத்து எட்டு மேட்ச்ல ரெண்டே வெற்றி. ரயோ, எல்சே, ஜிரோனா மூணு பேர்கிட்டயும் டிரா, சொந்த மைதானத்துல செல்டாகிட்ட 2-0, அப்புறம் மான்செஸ்டர் சிட்டிகிட்ட 2-1. அந்த டிரா மேட்ச்சுங்கள பாத்தவங்களுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கும், எதிராளி பின்னாடி கூட்டமா நின்னா இவங்களால நடுவுல உடைக்க முடியல, மேல சொன்ன ரெண்டாவது பாயிண்ட்.

அதுக்கப்புறம் தொடர்ந்து அஞ்சு வெற்றி, கடைசி மேட்ச் பார்சிலோனாகிட்ட 3-2. அஞ்சு பாயிண்ட் முன்னாடி இருந்த டீம் அவர் கிளம்பும்போது நாலு பாயிண்ட் பின்னாடி. ஒன்பது பாயிண்ட் மாறினதுதான் நிர்வாகத்துக்கு கண்ணுல பட்டிருக்கும். எனக்கு அதைவிட கண்ணுல பட்டது, டிசம்பர், ஜனவரியில அவரோட டீம் அவர் டீம் மாதிரியே இல்ல. உயர நின்னு பிரஸ் பண்றத கொறைச்சுட்டு, பின்னாடி நின்னு எம்பாப்பேக்கும் வினிசியஸுக்கும் ஓட இடம் விடுற ஆட்டம். பிளேயர்ஸ சமாதானப்படுத்த தன் முறைய விட்டுக் கொடுத்தாருன்னு நினைக்கிறேன், அப்படி விட்டும் வேலை நிக்கல.

இது மாட்ரிட்டுக்கு புதுசா?

இல்ல. தெல் போஸ்கே ரெண்டு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தவரு, 2003ல லீக் ஜெயிச்ச மறுநாளே ஒப்பந்தம் இல்லன்னுட்டாங்க. ஒழுங்கு, சிஸ்டம்னு வந்த பெனிடெஸ் 2016 ஜனவரியில 25 மேட்ச்சோட காலி, பி டீம் கோச்சா இருந்த ஜிடான் மேல வந்தாரு. லோபெத்தேகி 2018ல 14 மேட்ச், அப்பவும் பி டீம்ல இருந்து சொலாரி. அங்க நீண்ட நாள் ஜெயிச்சது ஜிடான், அன்செலோத்தி மாதிரி கையாளுற ஆளுங்கதான், போர்டுல கோடு போட்டு பாடம் எடுக்கறவங்க இல்ல. மொரின்யோ மூணு வருஷம் இருந்தாரு, ஒரு லீக்தான், போகும்போது பாதி டீமோட பேச்சுவார்த்தை இல்ல. இந்த கிளப்ல கோச்சுக்கு பிளேயர வாங்குற அதிகாரமும் பெருசா கிடையாது, பிரசிடென்ட் ஃப்ளோரென்டினோ பெரெஸ் வீடு அது, ஸ்பெயின்ல பிளேயர்ஸ் கோச்ச மிஸ்டர்னு கூப்பிடுவாங்க, மாட்ரிட்ல அந்த மரியாதை பல நேரம் பேரோட நின்னுடும்.

இந்த தடவையும் அதே வழிதான். பி டீம் கோச் அல்வாரோ அர்பெலோவ மேல கொண்டு வந்தாங்க, லிவர்பூல், மாட்ரிட், ஸ்பெயின் மூணுலயும் அலோன்சோகூட ஆடின நண்பன். ரெண்டு நாள் கழிச்சு அவரோட முதல் மேட்ச், ஸ்பானிஷ் கோப்பை, எதிர்ல இரண்டாம் டிவிஷன்ல தடுமாறிக்கிட்டிருந்த அல்பசேத்தே. 3-2, அல்பசேத்தேக்கு, கடைசி கோல் இஞ்சுரி டைம்ல.